ஸ்கோர் தெரியாதவருக்குப் பேசிய ரேடியோ

ரேடியோவில் விளையாட்டுப் பேச்சு காலப்போக்கில் எப்படி மாறியது, ராமநாதபுரம் கடற்கரையில் அதற்கு இன்னும் ஆள் இருக்கிறதா, ஊர்க் கபடியையும் படகுப் போட்டியையும் உள்ளூர் வானொலியில் நேரலையாகக் கொடுக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மைக்கைத் திறக்கும் நேரத்தில் கேட்பவருக்கு ஸ்கோர் தெரியுமா, தெரியாதா? இதைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் நூறு வருட மாற்றமும் விளங்கும். ரசனை மாறிவிட்டது, பொறுமை குறைந்துவிட்டது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தொடக்கத்தில் கேட்பவருக்கு எதுவுமே தெரியாது. 1921 ஏப்ரலில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கே.டி.கே.ஏ. நிலையம் ஒரு குத்துச்சண்டையை ஒலிபரப்பியது; அதே ஆண்டு ஆகஸ்டில் பேஸ்பால். 1927 ஜனவரியில் பி.பி.சி. இங்கிலாந்து, வேல்ஸ் ரக்பி ஆட்டத்தை மைதானத்திலிருந்தே வர்ணித்தது. 1938இல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்தில் ஆடியபோது, சிட்னி ஸ்டூடியோவில் உட்கார்ந்தபடி தந்தியில் வந்த குறிப்புகளை வைத்தே பந்து பந்தாகச் சொன்னார்கள். மட்டையில் பந்து படும் சத்தத்துக்கு மரக்கட்டையில் பென்சிலால் தட்டினார்கள். புரூக்ளின் அணியின் பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் பக்கத்தில் மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்றை வைத்திருப்பார். மணல் இறங்கியதும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். நடுவில் ரேடியோவைப் போடுகிறவர் மூன்று நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தத் தொழிலில் இதைவிட நல்ல பாடம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

நம் பக்கம் வருவோம். சென்னை வானொலி 1938இலும் திருச்சி 1939இலும் தொடங்கின. ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி ஊர்களுக்குத் திருச்சியோடு கொழும்பும் சேர்ந்தே கிடைத்தது. காரணம் கடல். இந்த நிலையங்கள் பேசிய மத்திய அலை (மீடியம் வேவ்) தரையை ஒட்டி ஓடுகிறது; அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை அடியில் இருக்கும் தரையின் மின்கடத்தும் திறன் தீர்மானிக்கிறது. கடல்நீரின் கடத்தும் திறன் காய்ந்த நிலத்தைவிடப் பல நூறு மடங்கு அதிகம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இருப்பது சுமார் 30 கி.மீ. நீர்தான். அதனால் பட்டப்பகலிலேயே கொழும்பு இந்தக் கரையில் தெளிவாக விழும். இருட்டிய பிறகு, வளிமண்டலத்தின் மேலே இருக்கும் மின்னேறிய அடுக்கான அயனி மண்டலத்தின் கீழடுக்கு கலைந்து, தொலைதூர நிலையங்களும் மேலிருந்து பிரதிபலித்து வரும். ஆனால் அப்படி வரும் அலையும் தரையலையும் ஒன்றோடொன்று மோதிக் குரல் ஏறி இறங்கும். கடைசி ஓவரில் பார்த்து ரேடியோ அமுங்கிப் போகிறதே என்று கரையில் பலர் அலுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். செட்டில் பழுது ஒன்றும் இருந்திருக்காது.

அந்தக் காலத்து டிரான்சிஸ்டருக்கு 1.5 வோல்ட் பெரிய பேட்டரி நான்கு, ஆக 6 வோல்ட். பேட்டரி தளர்ந்தால் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவார்கள். சூட்டில் உள்ளே வேதிவினை கொஞ்சம் வேகம் பிடிப்பதால் அரை மணி, ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடும். அதற்கு மேல் வராது. ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டும் முறை 1980கள் வரை இருந்தது. டீக்கடையில் ஒரு செட், அதைச் சுற்றி ஊரே நிற்கும் என்பதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை, பேட்டரிச் செலவும் லைசென்ஸும் காரணம்.

சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால், முக்கியமாகப் பொங்கல் டெஸ்ட் என்றால், தமிழ் வர்ணனை கிடைக்கும். மற்ற ஊர் ஆட்டங்களுக்கு ஆங்கிலமும் இந்தியும் மாறி மாறி வரும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான், ராமமூர்த்தி போன்றவர்கள் தமிழில் வர்ணித்த விதத்தை இன்றைய பிள்ளைகள் கேட்க வேண்டும். அவர்கள் கையாண்ட முறை இப்படி இருக்கும்: "பெவிலியன் முனையிலிருந்து இன்னார் ஓடி வந்து வீசுகிறார், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே அளவு குறைந்த பந்து, பின்காலில் நின்று வெட்டுகிறார், பாயின்ட்டுக்கும் கவருக்கும் நடுவே பந்து ஓடுகிறது, எல்லையில் ஆள் இல்லை, நான்கு ரன்கள், இந்தியா மூன்று விக்கெட்டுக்கு 146." யார், எந்தப் பக்கமிருந்து, பந்து எங்கே விழுந்தது, மட்டையாளர் என்ன செய்தார், பந்து எங்கே போனது, முடிவு, மொத்தம். ஏழு தகவல், பத்துப் பன்னிரண்டு விநாடி. வரிசை மாறக் கூடாது, ஏனென்றால் கேட்பவர் மனதில் மைதானம் அந்த வரிசையில்தான் எழும்பும். முடிவை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைக் காது வாங்காது.

ஆட்டத்தைப் *பற்றிய* பேச்சு அப்போது தனி. அது ஸ்டூடியோவில் எழுதி வைத்துப் படிக்கும் கால் மணி நேர உரை, இல்லையென்றால் ஆட்டம் முடிந்ததும் ஒரு முன்னாள் வீரரோடு ஐந்து நிமிட உரையாடல். கேட்பவர் குரல் நிலையத்துக்குப் போனது கார்டில்தான், அதுவும் ஒரு வாரம் கழித்து. வர்ணனையாளருக்கே கருத்துச் சொல்வதில் தயக்கம் இருந்தது. நடுவர் தீர்ப்பு தவறு என்று ஒருவரும் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். அரசு நிலையத்தின் மரியாதை அது.

டி.வி. வந்தபோது இந்தக் கரைக்கு அது இரண்டு பக்கமிருந்தும் வந்தது. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. உயரமான குழாயில் ஏரியல் கட்டித் தென்கிழக்கே திருப்பி வைத்தால் ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் படம் தெரியும். 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் இந்தியா 183 எடுத்து வெஸ்ட் இண்டீஸை 140இல் சுருட்டியது. 1996 மார்ச் 17 அன்று லாகூரில் இலங்கை ஆஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டில் வென்றது. முதல் ஆட்டத்தின்போது ரேடியோதான் பெரும்பாலானோருக்கு வழி. இரண்டாவது வந்தபோது கண்ணால் பார்த்தவர்களே அதிகம். பதின்மூன்று வருடத்தில் வர்ணனையாளருக்கு எதிரே இருந்த ஆள் மாறிவிட்டார். பார்க்கிறவரிடம் "பந்து கவர் பக்கம் ஓடுகிறது" என்று சொல்வதில் பயன் இல்லை. ஏன் ஓடியது, ஃபீல்டரை ஏன் அங்கே நிறுத்தவில்லை என்று சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய வெட்டு உரிமைப் பிரச்சினையில் விழுந்தது. 1993இல் நடந்த ஹீரோ கோப்பை ஒளிபரப்பு யாருக்கு என்று கிரிக்கெட் சங்கத்துக்கும் அரசுக்கும் வழக்கு நடந்து, 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அலைவரிசை பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல. அதிலிருந்து ஆட்டம் விற்பனைப் பண்டம். 2007இல் வந்த சட்டம், நாட்டுக்கு முக்கியமென்று அறிவிக்கப்பட்ட ஆட்டங்களின் சிக்னலை உரிமையாளர், தூர்தர்ஷனையும் அகில இந்திய வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்றது. விளம்பர வருவாயில் டி.வி. என்றால் உரிமையாளருக்கு 75, பிரசார் பாரதிக்கு 25; ரேடியோ என்றால் பாதிப் பாதி. ஆக ஆட்டத்தை நேரலையாகச் சொல்ல ரேடியோவில் அகில இந்திய வானொலிக்கு மட்டுமே வாசல் திறந்திருந்தது. 2019 செப்டம்பரில் கிரிக்கெட் வாரியத்தோடு அது போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் உள்நாட்டு ஆட்டங்களும் பெண்கள் ஆட்டங்களும் சேர்ந்தன. இது நல்ல காரியம், ரஞ்சி ஆட்டத்தை வேறு யாரும் ரேடியோவில் சொல்லப் போவதில்லை.

தனியார் எஃப்.எம். நிலையங்கள் ஏன் வெறும் கேள்வி பதிலும் சினிமாப் பாட்டுமாகக் கிரிக்கெட்டைக் கையாண்டன என்று பலர் குறைப்படுவதுண்டு. அவற்றின் கை கட்டப்பட்டிருந்தது. செய்திக்கு அனுமதி இல்லை. 2011 விதிகளில்தான், விளையாட்டுப் போட்டி பற்றிய தகவல் சொல்லலாம், நேரலை கூடாது, உள்ளூர்த் தன்மையுள்ள போட்டியின் நேரடி வர்ணனைக்கு மட்டும் விலக்கு என்று எழுத்தில் வந்தது. அந்த விலக்கை எவரும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பதுதான் என் வருத்தம். மதுரை நிலையங்களின் அலை இந்தக் கரைக்கு வருவதற்குள் மெலிந்துவிடும். கோடைப் பண்பலை 100.5 மட்டும் மலை உயரத்தால் தாக்குப்பிடிக்கிறது. சுமார் 2,000 மீட்டர் உயரத்திலிருந்து நேர்பார்வைத் தூரம் 180 கி.மீ. சொச்சம், ராமநாதபுரம் அந்த விளிம்பில் இருக்கிறது, ராமேஸ்வரம் அதைத் தாண்டிவிடுகிறது. காற்று ஓய்ந்த கோடை மாதங்களில் பாக் நீரிணை மேல் வெப்பக்காற்று அடுக்கு படியும்போது இலங்கையின் சூரியன் எஃப்.எம்., சக்தி எஃப்.எம். திடீரென்று தெளிவாகக் கேட்கும். வாடைக்காற்று அடித்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகும்.

வெளிநாடுகளில் பேச்சு வேறு வழியில் போனது. நியூயார்க்கில் 1964லேயே பில் மேசர் என்பவர் நேயர் அழைப்பை எடுத்து விளையாட்டு பேசத் தொடங்கினார். 1987 ஜூலை 1 அன்று டபிள்யு.எஃப்.ஏ.என். என்ற நிலையம் இருபத்து நான்கு மணி நேரமும் விளையாட்டுப் பேச்சு மட்டுமே என்று இறங்கியது. பிரிட்டனில் பி.பி.சி.யின் '606' அழைப்பு நிகழ்ச்சி 1991இல். டாக்ஸ்போர்ட் நிலையம் 2000 ஜனவரியில். ஆட்டத்தை டி.வி. எடுத்துக்கொண்டது, ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போய் வீட்டுக்கு வண்டி ஓட்டுகிறவர் ரேடியோவுக்குக் கிடைத்தார். அவருக்கு ஸ்கோர் தெரியும். அவர் பேச வேண்டும். அவ்வளவுதான் அந்த வியாபாரத்தின் அடிப்படை.

தமிழில் அப்படி ஒரு நிலையம் ஏன் வரவில்லை? விதி ஒரு காரணம். இன்னொன்று, ஊருக்கு ஓர் அணி என்ற பிணைப்பு நமக்குக் கிரிக்கெட்டில் 2008 ஐ.பி.எல். வரை இல்லை, எல்லாருக்கும் ஒரே இந்திய அணி என்றால் சண்டை போட எதிராளி கிடையாது. மூன்றாவது, அங்கே காரில் தனியாகப் போகிறவர் கேட்டார். இங்கே பஸ்ஸில் டிரைவர் வைத்த பாட்டை ஐம்பது பேர் கேட்டார்கள். அணியும் போட்டியும் வந்து சேர்ந்தபோது கையில் ஸ்மார்ட்போன் இருந்தது. 2017 மே மாதம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் தொடங்கியது. எஃப்.எம்.மில் பெயரெடுத்த ஆர்.ஜே. பாலாஜி கிரிக்கெட் வர்ணனைக்குப் போனது தற்செயல் இல்லை, எஃப்.எம். பேச்சின் வேகமும் நையாண்டியும் அப்படியே டி.வி. வர்ணனைக்குள் குடிபெயர்ந்தன. 2020 ஊரடங்கில் அஸ்வின் யூடியூபில் தமிழில் பேசத் தொடங்கினார், ஸ்ரீகாந்த் தன் சேனலில் ஆட்டத்துக்கு ஆட்டம் அலசினார். அமெரிக்க ரேடியோ நேயரிடமிருந்து வாங்கிய கோபத்தை இங்கே யூடியூப் கருத்துப் பெட்டி வாங்கிக்கொண்டது.

லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. ஒரு சுழற்பந்து வீச்சாளரே வந்து, கேரம் பந்தை எந்த விரலால் சுண்டுகிறேன் என்று தமிழில் விளக்குவது பழைய கால் மணி உரைகளில் கிடைக்காத செல்வம். ஆனால் ஆட்டத்தை முழுக்கப் பார்க்காமல் சுருக்கக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் தீர்ப்புச் சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். பந்தயப் பணமும் பேச்சை வளைத்தது. அமெரிக்காவில் 2018 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு மாநிலம் மாநிலமாக விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமாக, ரேடியோப் பேச்சில் பாதி "எவ்வளவுக்கு எவ்வளவு" என்றே ஆனது. இங்கே பணம் கட்டிக் கற்பனை அணி அமைக்கும் செயலிகள் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தன; 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டை நிறுத்தியது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இந்தக் கரையில் ஸ்கோர் தெரியாத நேயர் இன்னும் இருக்கிறார். அவர் கடலில் இருக்கிறார். விசைப்படகு காலையில் கிளம்பி மறுநாள் காலை கரைக்கு வரும். கரையை விட்டு விலகியதும் போன் சிக்னல் விட்டுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் ஐ.பி.எல். சீசனின் பெரும்பகுதியில் விசைப்படகுக்காரர்கள் கரையிலேயே டி.வி. பார்க்கலாம். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, அவர்கள் கடலில் இருப்பார்கள். ஜூன் நடுவில் தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை நடக்கும் சர்வதேச ஆட்டங்கள் எல்லாருக்குமே நடுக்கடலில்தான் வரும். ஸ்கோர் வேண்டும், காற்று நிலவரமும் வேண்டும். இரண்டையும் காசில்லாமல் தருவது ரேடியோ ஒன்றுதான்.

படகில் ரேடியோ இரைகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நிலையத்தைக் குறை சொல்கிறார்கள். முதலில் எல்.இ.டி. விளக்கையும் போன் சார்ஜரையும் அணைத்துப் பாருங்கள். அவற்றுக்குள் இருக்கும் மின்மாற்றுச் சுற்று மத்திய அலை முழுக்க உறுமலை அள்ளி வீசும். செட்டை இன்ஜின் டைனமோவிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, மரப்பலகை மேல் வையுங்கள். இரும்பு மேல் வேண்டாம். செட்டுக்குள் கிடையாகப் படுத்திருக்கும் ஃபெரைட் கம்பிதான் மத்திய அலைக்கு ஏரியல். நிலையம் இருக்கும் திசைக்குக் கம்பியின் பக்கவாட்டு இருக்க வேண்டும். நுனி நேராக நிலையத்தைப் பார்த்தால் சத்தம் செத்துவிடும். தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட், இலங்கைத் தமிழர்களுக்கான ஒலிபரப்புக்காக வைத்தது. இந்தக் கடலில் வலுவாக விழும், அதை வைத்து செட்டைத் திருப்பிச் சோதித்துக்கொள்ளலாம். எஃப்.எம்.முக்கு வேறு கணக்கு: நீட்டும் கம்பியை முழுதாக, அதாவது முக்கால் மீட்டர் அளவுக்கு இழுத்து வைக்க வேண்டும். போனில் எஃப்.எம். கேட்க இயர்போன் வயர்தான் ஏரியல், வயர் செருகும் துளை இல்லாத போன்களில் அதனாலேயே எஃப்.எம். காணாமல் போனது. 2023இல் மத்திய மின்னணு அமைச்சகம், போன்களில் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

இனி உள்ளூர் ஆட்டம். வழி உண்டு. சமுதாய வானொலி வைக்கத் தொண்டு நிறுவனங்களுக்கு 2006 முதல் அனுமதி. பாம்பனில் கடல் ஓசை 90.4 மீனவர்களுக்காக 2016 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. இத்தகைய நிலையத்தின் கதிர்வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட் வரை, ஏரியல் கோபுரம் 30 மீட்டர் வரை. 30 மீட்டர் கோபுரத்திலிருந்து, தண்ணீருக்கு மேல் இரண்டு மீட்டரில் இருக்கும் படகு ஏரியலுக்கு நேர்பார்வைத் தூரம் 28 கி.மீ. வரும். ஆனால் 100 வாட் அவ்வளவு தூரம் சுத்தமாக எட்டாது. நிலத்தில் 10 கி.மீ., கடல் பக்கம் கொஞ்சம் கூடுதல் என்று கணக்குப் போடுங்கள். போட்டிக் குழுவிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். விளம்பர நேரம் 2024இல் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்ந்தது, 10 விநாடிக்கு அரசு விளம்பரக் கட்டணம் 74 ரூபாய். ஊர்க் கடைகளின் ஆதரவிலேயே ஒரு நாள் செலவை ஈடுகட்டலாம்.

கபடி ரேடியோவுக்கென்றே செய்த ஆட்டம். ஒரு ரெய்டு 30 விநாடி, அதற்குள் ஒரு முழுக் கதை. யார் பாடிப் போகிறார், எதிரில் எத்தனை பேர், இடமா வலமா, தொட்டாரா பிடித்தார்களா, புள்ளி. எதிரணியில் ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் போனஸ் கோட்டுக்குப் புள்ளி உண்டு. மூன்று பேரோ அதற்குக் குறைவோ இருந்து பிடித்தால் கூடுதல் புள்ளி. அதனால் களத்தில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை ஒவ்வொரு ரெய்டின் தொடக்கத்திலும் வர வேண்டும். புதியவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், கூட்டம் கத்தும்போது கேட்பவருக்கு ஏனென்று புரியாது. மணல் கடிகாரத்துக்கு இங்கே வேலை: இரண்டு ரெய்டுக்கு ஒரு முறை இரு அணியின் பெயர், புள்ளி, மீதி நிமிடம்.

மாட்டு வண்டிப் பந்தயம் கடினம். சாயல்குடி, கடலாடிப் பக்கம் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, ரோட்டில் சில மைல் போய்த் திரும்பி வர விடுவார்கள். கொடி அசையும் இடத்தில் நிற்பவருக்குத் திரும்பும் முனை தெரியாது. இரண்டாவது ஆள் அங்கே இருக்க வேண்டும். மூன்றாவது ஆள் பந்தயத்துக்குப் பின்னால் போகும் வண்டியில். ஒருவர் பேசும்போது மற்றவர் மைக் மூடியிருக்க வேண்டும். யார் யாருக்குக் கைமாற்றுகிறார் என்பதைப் பேரைச் சொல்லி முடிக்க வேண்டும், "அங்கே எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

தொண்டிப் பக்கம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியில் கரையில் நிற்பவருக்குப் பாய் மட்டும்தான் தெரியும், ஆள் தெரியாது. முந்தின நாளே பாயின் நிறம், ஒட்டு, எண், ஊர்ப்பெயர் இவற்றைப் பட்டியலிட்டு அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். பைனாகுலர் 7x50 போதும், அதற்கு மேல் உருப்பெருக்கினால் கை ஆட்டத்தில் ஒன்றும் நிற்காது. காற்று எங்கிருந்து என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். திசைக்குத் திசை மீனவர் சொல்லும் பெயரால், கச்சானா, வாடையா, கொண்டலா என்றால், கேட்கிற மீனவருக்கு எந்தப் படகு காற்று வரும் பக்கத்தில் இருக்கிறது என்பது தானாகவே புரிந்துவிடும். போட்டியில் இருக்கும் படகோடு தொடர்புக்குப் படகுகளின் வி.எச்.எஃப். பேசும் செட்டைப் பயன்படுத்தாதீர்கள். சேனல் 16 ஆபத்து அழைப்புக்கு உரியது.

கருவியில் தப்பு நடக்கும் இடங்களைச் சொல்கிறேன். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலை நிறுத்துவது வழக்கமாக இருந்தது. அந்தக் காற்றில் வெறும் மைக் வெடிச்சத்தம்தான் எடுக்கும். டைனமிக் வகை மைக், அதன் மேல் ஸ்பாஞ்சு உறை, அதன் மேல் முடியுறை. வாயிலிருந்து ஐந்து செ.மீ., கொஞ்சம் ஓரமாக. மைதானத்துக் குழாய் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கக் கூடாது. மைதான மைக்கின் ஒலி வேண்டுமென்றால் ஸ்பீக்கரிடம் போனைக் காட்டாதீர்கள். மிக்சரின் வெளியீட்டிலிருந்து ஒரு வயர் எடுங்கள். அந்த வெளியீடு போனின் மைக் துளைக்கு மிக அதிகம், நடுவில் 40 டெசிபல் குறைக்கும் தடுப்பு இல்லாவிட்டால் எல்லாம் கரகரக்கும். சாதாரணப் பேச்சு மீட்டரில் கழித்தல் 12 டெசிபல் அருகே நிற்கட்டும், கூச்சலுக்கு மேலே இடம் வேண்டும்.

நிலையத்துக்கு ஒலியை அனுப்பப் பழைய போன் அழைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 4ஜி வழியாகப் போகும் வோல்ட்டி அழைப்பு 7,000 வரை போகும், குரல் உயிரோடு இருக்கும். இணைய வழி என்றால் 64 கிலோபிட் போதும், மணிக்கு 29 எம்.பி. அளவு. திருவிழா நாளில் ஆயிரம் பேர் ஒரே கோபுரத்தில் வீடியோ போடுவதால் இணையம் திணறும். இரண்டு நிறுவன சிம்களும், மாற்றாக ஒரு சாதாரண அழைப்பும் தயாராக இருக்க வேண்டும். நேயரை நேரலையில் பேசவிடுவதாக இருந்தால் ஏழு விநாடித் தாமதக் கருவியோ மென்பொருளோ கட்டாயம். ஊர்ப் போட்டியில் ஊர்ப் பகை ஒரு வார்த்தையில் வெளியே வந்துவிடும், அதைத் தடுக்க ஒரு பொத்தானும் அதில் விரல் வைத்து ஒரு பொறுப்பான ஆளும் வேண்டும். அழைப்பவரிடம் முதலில் "ரேடியோவைக் குறைத்துவிட்டுப் பேசுங்கள் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள், இல்லையேல் தன் குரலையே ஏழு விநாடி கழித்துக் கேட்டு அவர் திக்கிப்போவார். அதே நிகழ்ச்சியை இணையத்திலும் விட்டால் அது முப்பது விநாடி முதல் ஒரு நிமிடம் வரை பின்தங்கும். போட்டிக்கு விடை சொல்லிப் பரிசு என்று வைத்தால் எஃப்.எம். கேட்பவரே எப்போதும் ஜெயிப்பார், ஆகவே விடைக்கு ஒன்றரை நிமிடம் கொடுங்கள்.

கடற்கரை நிலையத்தில் பெரிய எதிரி உப்பு. ஏரியல் இணைப்பில் உப்புப் படிந்தால் அலை திரும்பி வரும். டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் திறனைக் குறைக்கும், "நேற்றுவரை மண்டபம் வரை கேட்டது, இன்று கேட்கவில்லை" என்பார்கள். திரும்பு திறன் மீட்டரை வாரம் ஒரு முறை பார்த்து எழுதி வையுங்கள். வெளி இணைப்புகளைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் சுற்றுங்கள். மைக் பிளக்குகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

ஒலிபரப்பிய நிகழ்ச்சியை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சமுதாய வானொலி விதி. மூன்று மாதத்தோடு அழித்துவிடாதீர்கள். அந்த நாளைய தமிழ் வர்ணனைகளில் இன்று கேட்கக் கிடைப்பவை சொற்பம், டேப்பைத் துடைத்து அடுத்த நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தும் பழக்கம் வானொலி உலகம் முழுக்க இருந்தது. ஒரு மணி நேர எம்.பி.3, 128 கிலோபிட்டில் 58 எம்.பி.தான். ஆண்டு, மாதம், நாள், ஊர், ஆட்டம், பேசியவர் என்ற வரிசையில் கோப்புக்குப் பெயர் வைத்து, ஒன்றை நிலையத்திலும் ஒன்றை வேறொரு கட்டடத்திலும் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகைப் புயல் இரண்டு நகலையும் ஒரே நாளில் கொண்டுபோகாதபடி அந்த இரண்டாவது கட்டடம் கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கட்டும்.